கடல்நீர் புகுந்த கிணறு: இறைக்க இறைக்க உப்பு ஏறுவது ஏன்?

புயலில் கடல் பொங்கிக் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது, தினமும் மோட்டார் போட்டு வற்ற இறைத்தும் உப்பு கூடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்த மோட்டாரை நிறுத்துங்கள்.

கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல நீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி இறக்கினால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று பாருங்கள்! 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையிலும் இதே கதைதான்: சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் உப்பு இறங்க மறுத்தது. மழைதான் மெல்ல மெல்லச் சரிசெய்தது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? சேற்றையும் குப்பையையும் ஒருமுறை அள்ளிவிட்டு, கிணற்றை அப்படியே விடுங்கள். சுற்றிலும் தேங்கிய கடல்நீரை வாய்க்கால் வெட்டி வடியவிடுங்கள், அது இன்னும் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். அப்புறம் வாரம் ஒருமுறை, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியாகப் பாருங்கள். அடியில்தான் உப்பு அதிகம் காட்டும்.

குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. கொதிக்கவைத்தால் உப்பு இன்னும் செறியும். நூறு லிட்டரில் மூன்று லிட்டர் கடல்நீர் கலந்தாலே உப்புக் கரிக்கும். குடிக்க, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வெளித் தண்ணீர்தான்.