ஊழியத்தில் என் உழைப்பை யாரும் கவனிப்பதில்லை. தேவனுடைய மகிமைக்காக மட்டும் செய்கிறேன் என்று மனதைத் தேற்றுவது எப்படி?

ஞாயிறு பள்ளியையோ பாடகர் குழுவையோ பல வருடமாக இழுத்துக்கொண்டு போகிறவர் நீங்கள். அண்மையில் யாரோ நன்றியுரையில் உங்கள் பெயரை விட்டுவிட்டார்கள். கேள்வியை வாசித்ததும் எனக்கு அப்படித்தான் பட்டது. இல்லையென்றால் மன்னியுங்கள், எனக்கு நடந்தது அதுதான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவைப் பதினொரு வருடம் பழக்கினேன். மார்கழி மழையில் ஒழுங்கையெல்லாம் வெள்ளம் நிற்கும். சைக்கிளை உருட்டிக்கொண்டு கரோல் பயிற்சிக்குப் போவேன். பிறகு ஆலயத்தின் ஆண்டு நிறைவுக்குச் சிறப்பு மலர் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். (மலர் இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நிறைவேறாது.) கதிரை வாடகைக்குத் தந்தவருக்குக்கூட அதில் நன்றி இருந்தது. பாடகர் குழுப் படத்தின் கீழே சிலருடைய பெயர்கள், கடைசியில் ‘மற்றும் உறுப்பினர்கள்’. நான் அந்த ‘மற்றும்’.

அந்த மலரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகப்பிலேயே ‘மகிமை’ என்பது ‘மகிழை’ என்று அச்சாகியிருந்தது. உள்ளே பிழைகளை எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன். 1841இல் உதயதாரகைப் பத்திரிகைக்கு ஈய எழுத்தைக் கையால் கோத்த மண் இது. இன்று கணினியை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒரு தடவை வாசித்துப் பார்ப்பதில்லை. சரி, விடுங்கள்.

முதுகு வலி என்று சொல்லிக் குழுவிலிருந்து நின்றுவிட்டேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சரணத்தில் குழு தடுமாறியது. சுருதி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. மனைவி என் பக்கம் திரும்பி, “என்னப்பா, சிரிக்கிறியள்?” என்றாள். இல்லை என்றேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கர்த்தருக்கென்று பாடிய பாட்டு கெட்டுப்போகிறது, எனக்குச் சந்தோஷம். பதினொரு வருடம் யாருக்காகப் பாட வைத்தேன் என்பது அந்த வாங்கில் வைத்துத் தெரிந்துவிட்டது. மலர்க்குழு செய்த பிழையைவிட இது பெரிது.

“அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்” என்ற வசனம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். யோவான் ஸ்நானன் அதை எப்போது சொன்னார் என்று அன்றிரவுதான் கவனித்தேன். எல்லோரும் இயேசுவிடம் போகிறார்கள் என்று சீஷர்கள் வந்து முறையிட்ட நேரத்தில் சொன்னது. தன் கூட்டம் குறைகிறது, அதில் தன் சந்தோஷம் நிறைவாயிற்று என்கிறார். எனக்கோ நேர்மாறு.

மானிப்பாய்க்குப் போகும்போதெல்லாம் டாக்டர் கிறீனையும் நினைப்பேன். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி வைத்தியர். முதலில் ஆங்கிலத்தில்தான் வைத்தியம் படிப்பித்தார். படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விட, தமிழிலேயே படிப்பித்தால்தான் ஊரோடு இருப்பார்கள் என்று தானே தமிழைப் படித்து, வைத்திய நூல்களை மொழிபெயர்த்தார். 1873இல் அமெரிக்காவுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவரிடம் படித்தவர்கள் இங்கே வைத்தியம் பார்த்தார்கள். தான் இல்லாமலும் நடக்கும்படி செய்துவிட்டுப் போனார். நானோ, நான் இல்லாவிட்டால் பாட்டே வரக்கூடாது என்று நினைத்திருக்கிறேன். அவருடைய பெயரில்தானே அங்கே வைத்தியசாலை இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தது அவரில்லை.

அதற்காக நன்றி சொல்வதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பின்னூட்டம் போட வருகிறவர்கள் பொறுங்கள். ரோமர் 16இல் பவுல் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித்தான் வாழ்த்துகிறார். மலர்க்குழுக்காரர் அந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம். ‘உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது’ என்பது கொடுக்கிறவனுக்குச் சொன்னது. வாங்கிக்கொண்டவர்கள் மறந்துபோவதற்கு அதைச் சாட்டாகக் காட்டக்கூடாது.

ஒரு மாதம் கழித்து, சும்மா பாடுகிறவனாகத் திரும்பிப் போனேன். இப்போது பழக்குவது ஒரு இளம் பெடியன். நன்றாகத்தான் செய்கிறான், கீர்த்தனைகளைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுகிறான். பாட்டு நன்றாக அமைகிற நாட்களில் எனக்கு முழுச் சந்தோஷம் வருகிறதா என்றால், முக்கால்வாசி வருகிறது.

போன மாதம் அடுத்த மலருக்கென்று ஒரு தம்பி போன் எடுத்தார். “அண்ணை, உங்கட பேரை ஒருக்காச் சரியாச் சொல்லுங்கோ.” போட வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முதலெழுத்தோடு சொன்னேன்.