கலங்கிய பியர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக்குச் சென்று திரும்பிய நண்பர் ஒருவர் ஹெடி டாப்பர் பியர் கேன்கள் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கேனிலிருந்தே குடிக்கும்படி அதன்மேல் அச்சிட்டிருந்தும் நான் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். கலங்கலாக இருந்ததைக் கண்டு கெட்டுவிட்டதோ என்று ஐயப்பட்டேன். நான் அறிந்த இந்தியா பேல் ஏல் என்னும் வெளிர் நிற பியர் வகை தெளிவாக, நாக்கை இறுக்கும் கசப்போடு இருக்கும். இதில் கசப்புக்கு முன்பே பழ வாசனை வந்து நின்றது. இதற்கும் அதே பெயர் பொருந்துமா? இதைச் சுவைக்க முறை ஏதும் உண்டா?

ஒரு வாசகர், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பியர் கெட்டுப்போகவில்லை. பலரும் எண்ணுவதுபோல் அந்தக் கலங்கல் ஈஸ்ட் வண்டலால் மட்டும் வருவதும் அன்று. இவ்வகை பியரில் முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டோடு ஓட்ஸையோ கோதுமையையோ சேர்ப்பது வழக்கம். அவற்றால் மிகும் புரதம், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களிலிருந்து இறங்கும் பாலிஃபீனால்கள் என்னும் சேர்மங்களோடு பிணைந்து, எளிதில் அடியில் படியாத நுண்துகள்களாக மிதக்கிறது. வடிகட்டினால் கலங்கலோடு வாசனையும் ஓரளவு போய்விடும் என்பதால் பியர் தயாரிப்போர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

கசப்பு பின்னே நிற்பதற்குக் காரணம், ஹாப்ஸைச் சேர்க்கும் நேரம். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நெடுநேரம் கொதித்தால்தான் முழுக் கசப்பாக மாறும். இங்கே பெரும்பகுதி ஹாப்ஸை, கொதி அடங்கிய பிறகும், நொதிக்கும் கலத்திலும் போடுகிறார்கள். அதனால் கொதியில் ஆவியாகிப் போயிருக்க வேண்டிய வாசனை எண்ணெய்கள் பியரிலேயே தங்குகின்றன. நொதித்தல் ஓயுமுன் போட்டால், ரோஜா மணமுள்ள ஜெரானியாலின் ஒரு பகுதியை ஈஸ்ட் எலுமிச்சை மணமுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றியும் விடுகிறது. நீங்கள் உணர்ந்த பழ வாசனை பழத்திலிருந்து வந்ததன்று. கொய்யாவுக்கும் பேஷன் பழத்துக்கும் மணம் தரும் அதே கந்தகச் சேர்மங்கள் சில, மிகச் சிறிய அளவில், ஹாப்ஸிலும் இருக்கின்றன என்பதை அறிந்த நாளில் நான் அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை.

பெயரைப் பற்றிய கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சனின் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் இந்தியா பேல் ஏல் என்ற பெயருக்கு வேரான பியர்ப் பீப்பாய்கள் வந்தன. 1820களில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஆலைகள் அந்த வணிகத்தில் நுழைந்தன. அவ்வூர்க் கிணற்று நீரில் மிகுந்திருந்த சல்ஃபேட் கசப்பைக் கூர்மையாக்கியது. மிகுந்த ஹாப்ஸ் பியரைக் காத்தது. மாதக்கணக்கான கடற்பயணத்தில் அது முதிர்ந்து மெருகேறியது. இன்றைய கலங்கல் பியர் நீரிலும் பயணத்திலும் இதற்கு நேர்மாறானது. சல்ஃபேட்டைக் குறைத்துக் குளோரைடைக் கூட்டி, நாவில் வழவழப்பு வரும்படி நீரைத் திருத்துகிறார்கள். பயணமோ இதற்கு ஆகவே ஆகாது. ஹாப்ஸை முதன்மைப்படுத்தும் வெளிர் ஏல் என்ற ஒரு நூலிழைதான் இரண்டையும் இணைக்கிறது. அந்த இழை போதும் என்பதே என் எண்ணம். 2004இல் வெர்மான்ட்டின் வாட்டர்பரியில் ஜான் கிம்மிக் என்பவர் இந்த ஹெடி டாப்பரை முதன்முதலாகத் தயாரித்தபோது இதற்குத் தனி வகைப்பெயர் இல்லை. அமெரிக்க பியர் தயாரிப்போர் சங்கம் 2018இல்தான் கலங்கல் வகையைத் தன் பட்டியலில் சேர்த்தது.

சுவைக்கும் முறைக்கு வருகிறேன். வாசனை வெளியேறக் கூடாதென்பதே கேனில் உள்ள அறிவுரையின் நோக்கம். ஆனாலும் அறிந்து சுவைக்க விரும்புபவர் குவளையில் ஊற்ற வேண்டும் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் மூக்குக்கு இடம் வேண்டும். வாய் குறுகிய குவளையில் பாதிவரை ஊற்றி, சில்லிப்பு சற்றே தணிந்ததும் முகர்ந்து பாருங்கள். முதல் வாயில் பழமும் பைன் பிசினும் தெரியும். விழுங்கியபின் தொண்டையில் எரிவு போன்ற துவர்ப்பு நின்றால் அது ஹாப்ஸ் துகள்களால் வருவது, சில நாள் குளிரில் வைத்தால் தணியும். எட்டு விழுக்காடு ஆல்கஹால் அந்த வழவழப்பில் மறைந்திருக்கும் என்பதால் மெதுவாகக் குடியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பியர் புதிதாக இருப்பது. ஒருமுறை ஒரு கடையின் குளிரூட்டப்படாத அலமாரியில் மாதக்கணக்கில் நின்றிருந்த இவ்வகைக் கேன் ஒன்றை வாங்கி வந்தேன். ஆக்சிஜன் தன் வேலையை முடித்திருந்தது: நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, வாசனை நனைந்த அட்டைப்பெட்டியுடையது, பழத்தின் சுவடே இல்லை. எவருடைய உழைப்போ அந்த அலமாரியில் வீணாயிற்றே என்று உண்மையிலேயே வருந்தினேன். உங்களிடம் எஞ்சியிருக்கும் இரண்டாவது கேன் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே இருந்தால் உடனே உள்ளே வையுங்கள். தேதி பெரும்பாலும் கேனின் அடியில் இருக்கும். ஒரு மாதம் கடந்திருந்தால் விருந்தாளிக்காகக் காத்திராமல் இந்த வாரமே திறந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்