பரங்கிமலையில் உடன் பயின்றவர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுப்பது எப்படி?

கேள்வி: 1980-களில் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் என்னோடு பயின்றவர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுக்க விரும்புகிறேன். யாரிடமிருந்து தொடங்குவது, என்ன கேட்பது?

நானும் பரங்கிமலையில் எழுபதுகளில் பயிற்சி பெற்றவன். எங்கள் பேட்ச் நண்பர்களின் கதைகளைச் சில ஆண்டுகளாகத் திரட்டி வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது, ஜெனரல் ஆனவர்களிடமிருந்து தொடங்காதீர்கள் என்பதே.

டேராடூன் இந்திய ராணுவ அகாடமி 1932 அக்டோபரில் 40 பேருடன் தொடங்கியது. அந்த முதல் பேட்ச்சில் பயின்ற மானெக்‌ஷா இந்தியாவுக்கும், முகம்மது மூசா பாகிஸ்தானுக்கும், ஸ்மித் டன் பர்மாவுக்கும் தரைப்படைத் தலைவர்கள் ஆனார்கள். அகாடமியின் வரலாற்றை எழுதுவோர் இம்மூவரையும் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அதே மைதானத்தில் அதே பயிற்சியை முடித்த ஏனையோரின் பெயர்களை இன்று சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு. நாம் கவனமாக இல்லாவிட்டால் நம் பேட்ச்சுக்கும் இதுவே நேரும்.

பரங்கிமலைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். சீனப் போருக்குப் பின் ஏற்பட்ட அதிகாரிகள் பற்றாக்குறையைத் தீர்க்க, அவசரகால கமிஷன் (அதிகாரி நியமனம்) பெறுவோரைப் பயிற்றுவிப்பதற்காக 1963-ல் தொடங்கப்பட்ட இந்தப் பள்ளி, 1965 முதல் ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது குறுகிய காலப் பணி நியமனம் பெறும் அதிகாரிகளை உருவாக்கியது. 1988-ல்தான் அகாடமி என்று பெயர் மாறியது. அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க 20 ஆண்டுப் பணி வேண்டும் என்பதால், ஐந்து ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டவர்கள், முப்பது வயதுக்கு முன்பே, பணிக்கொடையாகக் கிடைத்த தொகையுடன் ஊர் திரும்பி, மறுபடியும் விண்ணப்பப் படிவம் நிரப்பி வேலை தேடினார்கள். நேற்று வரை நூறு ஜவான்களுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் மறுநாள் நேர்முகத் தேர்வு வரிசையில் நின்ற அந்தக் காலத்தைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. தொகுப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆட்களைத் தேட, பயிற்சி நிறைவு அணிவகுப்பான பாசிங் அவுட் பரேடின்போது எடுத்த குழுப் புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மறந்திருந்தால் இந்திய அரசிதழின் முதற்பகுதி நான்காம் பிரிவைப் பாருங்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் நியமன அறிவிப்புகள் அதில்தான் வெளியாகும். போரில் உயிர்நீத்தவர்களின் பெயர்கள், 2019-ல் திறக்கப்பட்ட டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் கருங்கல் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. வாட்ஸ்ஆப் குழுவில் பொதுவாக வேண்டுகோள் வைத்தால் கைகூப்பும் படங்கள்தான் வரும்; ஒவ்வொருவரையும் தனித்தனியே தொலைபேசியில் அழையுங்கள், முடிந்தால் வீட்டுக்கே செல்லுங்கள்.

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் நம்மவர்கள் எந்த ஆண்டு, எந்த யூனிட், என்ன பதவி என்று பணிப் பதிவேட்டை ஒப்பிப்பார்கள். ஆகவே ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள். 1971 போரில் இருந்த நண்பர் ஒருவர் போரைப் பற்றி இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசவில்லை. பயிற்சிப் பள்ளியில் வாங்கிய கறுப்பு இரும்புப் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்டேன். பரணிலிருந்து இறக்கிக் காட்டினார். உள்ளே அவர் மனைவி பண்டிகைப் பாத்திரங்களை வைத்திருந்தார். மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் எழுதிய பெயரும், எஸ்.எஸ். என்று தொடங்கும் அதிகாரி எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. விடுவிக்கப்பட்டு ஊர் வந்த அன்று ரயில் நிலையத்திலிருந்து அந்தப் பெட்டியைத் தூக்கி வந்த தன் தந்தை, வழியில் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று சொல்லத் தொடங்கியவர், இரவு உணவு வரை பேசினார். போரும் அதற்குள் தானாகவே வந்துவிட்டது.

மறைந்தவர்களின் கதைகளுக்கு அவர்களின் மனைவியரிடம் செல்லுங்கள். ஒரு நண்பரின் மனைவி நீலநிற இன்லண்ட் கடிதங்களை ஆண்டு வாரியாகக் கட்டி வைத்திருந்தார். அனுப்புநர் முகவரியில் யூனிட் பெயரும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண்ணும் மட்டுமே இருக்கும். ஊர் பெயர் இருக்காது. எனவே கடிதத் தேதியை அந்த யூனிட் எப்போது எங்கே இருந்தது என்ற ரெஜிமென்ட் வரலாற்றுடன் பொருத்திப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டறிய முடியும். இது மெதுவான வேலை. ஆனால் கணவர் "இங்கே குளிர் அதிகம்" என்று மட்டும் எழுதிய இடம் எது என்று இத்தனை காலம் கழித்து அந்த அம்மையாரிடம் சொல்ல முடிந்தபோது, இந்தப் பணி ஏன் தேவை என்பது எனக்கு ஐயமறத் தெரிந்தது.

ஒரே இரவை இருவர் வெவ்வேறாக நினைவுகூர்ந்தால், இருவரின் கூற்றையும் அவரவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தேதிகளை மட்டும் சரிபாருங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கியதும் சொன்னவரிடமே படிக்கக் கொடுங்கள், அவர் நீக்கச் சொல்வதை வாதிடாமல் நீக்குங்கள். தம் கீழ் பணியாற்றிய ஜவான்களைப் பற்றி அவர் சொல்பவை அந்தக் குடும்பங்களுக்கும் சேரும் என்பதை மறக்காதீர்கள். நடைமுறையில் உள்ள நிலைகள், ஆயுதங்கள் பற்றிய செய்திகள் அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் வரக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். வாழ்க்கைக் கதைக்கு அவை தேவைப்படுவதும் இல்லை.

உடல்நலம் குன்றியவர்களை முதலில் சந்தியுங்கள். முடிந்த தொகுப்பின் படிகளை ஒவ்வொரு குடும்பத்துக்கும், பரங்கிமலை அகாடமி நூலகத்துக்கும், அவரவர் ரெஜிமென்ட் மையத்துக்கும் அனுப்பி வையுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்டில் பணியாற்றியவர்கள் உங்கள் பேட்ச்சில் இருந்தால் அது நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மையம்.