நாரை தூங்குவது கோபுரத்தில், சாப்பிடுவது வயலில்: ஸ்பானிஷில் விலங்குப் பாடம் படிக்கும் குழந்தைக்கு எப்படி உதவுவது?

கேள்வி: ஒரு வருடத்துக்கு முன் ஸ்பெயின் வந்தோம். மாட்ரிட்டுக்குப் பக்கத்தில் அல்கலா தெ எனாரெஸ் ஊரில் இருக்கிறோம். ஆறு வயது மகள் இங்கே முதல் வகுப்பு. 'விலங்குகளும் அவற்றின் வாழிடமும்' என்ற பாடம் இப்போது நடக்கிறது. ஸ்பானிஷ் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள். ஆனால் "இது எங்கே வாழ்கிறது?" என்று கேட்டால் முழிக்கிறாள். இரண்டு வாரத்தில் ஏதாவது ஒரு விலங்கைப் பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். ஷூ பெட்டிக்குள் அதன் வாழிடத்தையும் செய்து எடுத்துப் போக வேண்டும். எனக்கு ஸ்பானிஷ் அரைகுறை. வீட்டில் தமிழில் சொல்லிக் கொடுத்தால் குழம்பிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் 'கடகட'வைப் பற்றிப் பேசிவிடலாம். பெற்றோர் ஏமாறுகிற இடம் அதுதான்.

ஸ்பானிஷில் ஐந்து உயிரெழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. மற்ற எழுத்துகளும் சில விதிகளுக்குள் அடங்கிவிடும். ஆங்கிலம் மாதிரி எழுத்து ஒன்று, ஒலி வேறு என்று இழுத்தடிக்காது. அதனால் வாழ்நாளில் கேட்டே இராத சொல்லைக்கூட ஆறு வயதுக் குழந்தை பிழையில்லாமல் வாய்விட்டு வாசித்துவிடும். பொருள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கிற எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு பையன். 'எல் கொனேகோ துவேர்மே என் லா மத்ரிகேரா' என்று அழகாக வாசித்தான். முயல் மத்ரிகேராவில் தூங்குகிறது என்று பொருள். சரி, படம் வரை என்றேன். பெரிய முயலின் மடியில் சின்ன முயல் தூங்குவதாக வரைந்து கொடுத்தான். 'மத்ரே' என்றால் அம்மா என்பது அவனுக்குத் தெரியும்; 'மத்ரிகேரா'வும் அம்மாதான் என்று முடிவு கட்டிவிட்டான். அது முயல் தோண்டும் வளை. வாசித்த விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆகவே, வாசித்து முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாக் குழந்தையும் தலையாட்டும். புத்தகத்தை மூடிவிட்டு வரையச் சொல்லுங்கள், அல்லது பொம்மையை வைத்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சொல் விளங்கவில்லை என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு பக்கத்தில் அப்படி மூன்று நான்கு சொற்கள்தான் இருக்கும். அன்றைக்கு அவை போதும்.

தமிழில் சொல்லிக் கொடுங்கள், தாராளமாக. ஒரு விலங்கு ஏன் ஓரிடத்தில் வாழ்கிறது என்பது ஒருமுறை விளங்கிவிட்டால், அதை இன்னொரு மொழியில் திரும்பப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை, சொல்லை மட்டும் கற்றால் போதும். இந்த விஷயத்தில் தமிழ்க் குழந்தையின் கையில் ஏற்கெனவே நல்ல சரக்கு இருக்கிறது. பறவைக்குக் கூடு, எலிக்கும் நண்டுக்கும் வளை, எறும்புக்குப் புற்று, ஆட்டுக்குப் பட்டி, மாட்டுக்குத் தொழுவம் என்று நாம் பிரித்துத்தான் பேசுகிறோம். ஸ்பானிஷும் அப்படியே. கூடு 'நீதோ', வளை 'மத்ரிகேரா', தேன்கூடு 'கொல்மேனா'. அப்புறம் ஒரு சின்ன சூத்திரமும் உண்டு. எறும்பு 'ஓர்மீகா' என்றால் அதன் புற்று 'ஓர்மிகேரோ'. கோழி 'கயீனா', கோழிக்கூண்டு 'கயினேரோ'. குளவி 'அவீஸ்பா', அதன் கூடு 'அவிஸ்பேரோ'. கரடி 'ஓசோ', அது குளிர்காலத்தில் முடங்கும் குகை 'ஒசேரா'. இந்த 'ஏரோ', 'ஏரா' வால் பிடிபட்டுவிட்டால் குழந்தை தானே சொற்களை உண்டாக்க ஆரம்பிக்கும். பாதி தப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் சில இடங்களில் தமிழ் காலை வாரும். நமக்கு ஆற்றில் நீந்தினாலும் குழம்பில் கிடந்தாலும் மீன் மீன்தான். ஸ்பானிஷில் உயிரோடு இருப்பது 'பேத்', பிடிபட்டுத் தட்டுக்கு வந்தது 'பெஸ்காதோ'. 'பெஸ்காதோ கடலில் வாழ்கிறது' என்று உங்கள் மகள் எழுதினால் வகுப்பே சிரிக்கும். இன்னொன்று 'மோந்தே'. அகராதி மலை என்று சொல்லும். இந்தப் பாடத்தில் அது பெரும்பாலும் ஓக் மரமும் புதருமாகக் கிடக்கும் காட்டுநிலம். புதர்க்காடு என்று சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம் சொல்லின் பால். தமிழில் யானையும் எறும்பும் 'அது'தான், பிரச்சினையே இல்லை. ஸ்பானிஷில் ஒட்டகச்சிவிங்கி என்றைக்கும் பெண்பால், முன்னால் 'லா' வரும்; முதலை என்றைக்கும் ஆண்பால், முன்னால் 'எல்'. ஆண் ஒட்டகச்சிவிங்கியும் 'லா ஹிராஃபா மாச்சோ'தான். காரணம் தேடாமல் 'லாஹிராஃபா' என்று ஒட்டியே ஒரு சொல்லாகப் பழக்குங்கள். கழுகு மட்டும் கொஞ்சம் வம்பு: 'எல் ஆகிலா' என்பார்கள், ஆனால் சொல் பெண்பால், பன்மையில் 'லாஸ் ஆகிலாஸ்' என்று குட்டு வெளிப்படும். அழுத்தமான 'ஆ'வில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'லா' வந்தால் இரண்டு ஆகாரம் முட்டிக்கொள்ளும், அதற்காகச் செய்த ஏற்பாடு. முதல் வகுப்பில் இதை விளக்க வேண்டாம்.

இனி எந்த விலங்கை எடுப்பது என்ற கேள்வி. நீங்கள் குடியிருக்கும் ஊரை வைத்துச் சொல்கிறேன்: சிங்கம், பென்குயின் எல்லாம் வேண்டாம், வீட்டை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பாருங்கள். அல்கலாவின் பழைய தேவாலயக் கோபுரங்களில் சுள்ளி மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பவை 'திக்வேஞா'வின் கூடுகள். தமிழில் செங்கால் நாரை. பெயரைக் கேட்டதும் பள்ளியில் படித்த பாட்டு ஒன்று உங்களுக்கு ஞாபகம் வரலாம்.

நான் இதைச் சொல்வது அது கண்ணில் படுகிறது என்பதற்காக மட்டுமில்லை. 'வாழிடம்' என்றால் வீடு என்றே குழந்தைகள் நினைத்துக்கொள்கிறார்கள். பாடப்புத்தகங்களும் விலங்குக்கும் இடத்துக்கும் கோடு போட்டுச் சேர்க்கச் சொல்லியே அப்படிப் பழக்கிவிடுகின்றன. நாரையிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கோபுரத்தில் கூடு கட்டும், ஆனால் கோபுரத்தில் அதற்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. இரைக்கு ஆற்றங்கரைக்கும் வயலுக்கும் போகும்: வெட்டுக்கிளி, புழு, தவளை, எலி. நகரத்துக் குப்பைமேட்டையும் விடாது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் ஜிப்ரால்டர் நீரிணையைத் தாண்டி ஆப்பிரிக்கா போய்விடும். இப்போது குப்பைமேட்டில் வருடம் முழுக்கச் சாப்பாடு கிடைப்பதால் நிறைய நாரைகள் ஸ்பெயினிலேயே தங்கிவிடுகின்றன. அப்படியானால் அது 'வாழும்' இடம் எது? கோபுரமா, வயலா, குப்பைமேடா, ஆப்பிரிக்காவா? இந்தக் கேள்வியைத் தமிழில் அவளிடம் கேளுங்கள், அவளே வாதாடட்டும்.

அதனால் 'தோந்தே வீவே?' (எங்கே வாழ்கிறது?) என்ற ஒற்றைக் கேள்வியை ஒதுக்கிவிட்டு மூன்றாக உடையுங்கள். தோந்தே கோமே? எங்கே சாப்பிடுகிறது? தோந்தே துவேர்மே? எங்கே தூங்குகிறது? தோந்தே க்ரீயா? எங்கே குஞ்சு வளர்க்கிறது? மூன்றுமே சின்ன வினைச்சொற்கள், எந்த விலங்குக்கும் பொருந்தும். பதிலோடு 'போர்கே' (ஏனென்றால்) சேர்த்து ஒரு காரணம் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்றால் பாடம் பிடிபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்புப் பயிற்சிக்கும் இந்தப் பறவையின் பெயரே போதும். ஸ்பானிஷில் ஜி (g) எழுத்தை அடுத்து யு (u), அதற்குப் பின் ஈ (e) அல்லது ஐ (i) வந்தால் அந்த யு ஊமை. 'மத்ரிகேரா', 'ஆகிலா' இரண்டிலும் அது எழுத்தில் இருக்கும், ஒலிக்காது. ஒலிக்க வேண்டுமானால் தலையில் இரண்டு புள்ளி வைப்பார்கள், 'திக்வேஞா'விலும் 'பிங்வீனோ'விலும் (பென்குயின்) இருப்பது மாதிரி. இந்த நான்கு சொற்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், புள்ளிகளை அவளே சிவப்பு மையில் வைக்கட்டும். 'திக்வேஞா'வின் கடைசி ஒலி நம் 'ஞா'வேதான். அந்த ஒலிக்கு நாக்கைத் திருப்ப ஆங்கிலேயக் குழந்தைகள் படும் பாடு உங்கள் மகளுக்கு இல்லை.

நீளமான பெயர்களைக் கண்டு மிரண்டால் உடைத்துக் காட்டுங்கள். வெட்டுக்கிளி 'சால்தாமோந்தெஸ்': 'சால்தா' தாவுகிறது, 'மோந்தெஸ்' மலைகள். மலை தாண்டி! பிரனீஸ் மலையில் வாழும் பெரிய பிணந்தின்னிக் கழுகு ஒன்றின் பெயர் 'கெப்ரான்தாவேசோஸ்', அப்படியே எலும்பு உடைப்பான். எலும்பைத் தூக்கிப்போய் உயரத்திலிருந்து பாறை மேல் போட்டு உடைத்துத் தின்னும். பெயரை உடைத்தால் அதன் சாப்பாடும், பாறை ஏன் அதற்கு வேண்டும் என்பதும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன. வௌவாலுக்கு 'மூர்தியேலாகோ'. இதில் ஐந்து உயிரெழுத்தும் ஒவ்வொரு முறை வரும். எண்ணிப் பார்க்கச் சொன்னால் ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும்.

நாரையோடு ஒப்பிட இன்னொரு விலங்கும் வேண்டுமென்றால் 'லின்தே'யை எடுங்கள். காது நுனியில் கறுப்பு முடிக்கொத்து உள்ள ஐபீரிய லின்க்ஸ் பூனை. நாரைக்கு நேர் எதிர்: நாரை எதையும் தின்னும், இது அநேகமாக முயலை மட்டும், நாளைக்கு ஏறக்குறைய ஒன்று. நோய் வந்து முயல்கள் குறைந்தன, வேட்டையும் சாலை விபத்தும் சேர்ந்துகொண்டன. 2002-ல் லின்தே நூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருந்தது. தெற்கு ஸ்பெயினின் தொஞானா தேசியப் பூங்கா போன்ற இடங்களில் கூண்டில் வளர்த்து, புதர்க்காட்டில் விட்டு, முயல்களையும் பெருக்கியதில், 2024 கணக்கெடுப்பில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்த்து 2,400 தாண்டிவிட்டது. முயலுக்கு வளை தோண்ட மண் வேண்டும், ஒளிய புதர் வேண்டும். முயல் இருந்தால்தான் லின்தே. என் மாணவன் வரைந்த அந்த முயலை இங்கே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

சிங்கம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஸ்பானிஷில் அதற்கு 'எல் ரேய் தெ லா செல்வா' என்று பட்டம், அதாவது அடர்காட்டின் ராஜா. நாமும் காட்டு ராஜா என்கிறோம். ஆனால் பெரும்பாலான சிங்கங்கள் இருப்பது ஆப்பிரிக்கப் புல்வெளியில், 'சபானா'வில். இரண்டு மொழியும் சேர்ந்து தவறான விடையைக் காதில் ஓதும்போது பாவம், குழந்தை என்ன செய்யும்?

ஷூ பெட்டிக்கு வருவோம். பெட்டியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பெற்றோர்கள் வழக்கமாகப் படுக்கவைத்துப் பச்சைத் தாள் ஒட்டிவிடுவார்கள். நாரைக்கு உயரம் வேண்டும். மேலே அட்டையில் ஒரு கோபுரம், அதன் தலையில் தென்னந்துடைப்பக் குச்சியோ காய்ந்த சுள்ளியோ வைத்துக் கூடு. கூட்டைப் பெரிதாகவே கட்டுங்கள். ஒவ்வொரு வருடமும் பழைய கூட்டிலேயே சுள்ளி சேர்த்துக்கொண்டு போவதால் நிஜக் கூடு சில நூறு கிலோகூட எடை ஏறிவிடும். கூட்டின் அடிப்புறச் சுள்ளிகளுக்குள் ஒரு சிட்டுக்குருவியைச் செருகி வையுங்கள். நாரைக் கூட்டுக்குள் குருவிகள் வாடகை தராமல் குடியிருப்பதைப் பார்க்கலாம். கீழே வயல், தவளை, ஒரு மூலையில் குப்பைமேடு. குப்பைமேட்டை அசிங்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

பேச மூன்று வாக்கியம் போதும். 'லா திக்வேஞா துவேர்மே என் லா தோர்ரே. கோமே என் எல் காம்போ. க்ரீயா அ சுஸ் போயோஸ் என் எல் நீதோ.' நாரை கோபுரத்தில் தூங்குகிறது, வயலில் சாப்பிடுகிறது, கூட்டில் குஞ்சு வளர்க்கிறது. கறிக்கடையில் கோழிக்குச் சொல்கிற 'போயோ'தான் இங்கே பறவைக் குஞ்சு என்ற பொருளில் வருகிறது, பயந்துவிட வேண்டாம். இன்னும் ஒரு வரி தாங்கும் என்றால் ஊர்ப் பழமொழியைச் சேர்க்கலாம்: 'போர் சான் ப்ளாஸ், லா திக்வேஞா வெராஸ்.' சான் ப்ளாஸ் நாளில், அதாவது பிப்ரவரி 3-ல், நாரையைப் பார்ப்பாய் என்று அர்த்தம். எதுகையோடு இருப்பதால் இரண்டு தடவையில் மனப்பாடம் ஆகிவிடும். இப்போது பல நாரைகள் ஊரை விட்டே போவதில்லை என்பதால் பழமொழி கொஞ்சம் பழசாகிவிட்டது என்று அவள் ஆசிரியையிடம் சொன்னால் இன்னும் நல்லது.

கடைசியாக, வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம். அலகின் இரு பாதிகளையும் மரக்கட்டை மாதிரி தட்டித்தான் சத்தம் எழுப்பும். அதற்கென்றே ஸ்பானிஷில் 'க்ரோதொரார்' என்று தனி வினைச்சொல் இருக்கிறது, பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அன்றைக்குப் பையில் இரண்டு மரக்கரண்டிகளைப் போட்டு அனுப்புங்கள்.