அன்ரிபயோட்டிக் முடிந்த பிறகும் நிற்காத வயிற்றோட்டம்: தயிர் போதுமா, கப்சியூல் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. நீரிழிவுக்கு மெற்போமினும் பிரஷருக்கு லொசாட்டனும் எடுக்கிறார். காலில் ஏற்பட்ட புண்ணுக்கு 7 நாள் கோ-அமொக்சிகிளாவ் கொடுத்தார்கள், கூடவே காஸ்ரிக் குளிசையும். நாலாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. மருந்து முடிந்து 5 நாளாகியும் தினம் நாலைந்து தடவை தண்ணீராகப் போகிறது. காய்ச்சல் இல்லை. கீழே வெள்ளைபடுதலும் அரிப்பும் இருக்கின்றன. நல்ல கிருமிகள் செத்துவிட்டன, உயிருள்ள நல்ல கிருமிகள் அடங்கிய இந்தக் கப்சியூலைக் கொடுங்கள் என்று பாமசியில் சொன்னார்கள். எங்கள் ஊர் எருமைத் தயிரே போதும் என்கிறார்கள் அயலவர்கள். எதைக் கொடுப்பது? (களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தயிருக்கும் கப்சியூலுக்கும் முன்னால், நாளைக் காலையிலேயே அம்மாவைக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். மலம் பரிசோதிக்கப்பட வேண்டும். அன்ரிபயோட்டிக் எடுத்தவருக்கு ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், குளொஸ்ரிடியோயிடெஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகியிருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. வயது, கோ-அமொக்சிகிளாவ், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் போன்ற காஸ்ரிக் குளிசை ஆகிய மூன்றுமே அந்த ஆபத்தைக் கூட்டுபவை. மலத்தில் இரத்தம், 38 பாகைக்கு மேல் காய்ச்சல், வயிறு ஊதி வலித்தல், எழுந்து நின்றால் தலைச்சுற்று, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். லோபெரமைட் போன்ற, வயிற்றோட்டத்தைக் கட்டும் குளிசையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்தக் கிருமிதான் காரணமென்றால் அதன் நச்சு குடலுக்குள்ளேயே தேங்கிவிடும்.

உடலில் நீர் குறைந்திருக்கும்போது லொசாட்டன் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யலாம். சிறுநீரகம் தளர்ந்தால் மெற்போமின் உடலில் தேங்கி இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம். வயிற்றோட்டம் நிற்கும்வரை இரண்டையும் நிறுத்தி வைப்பதா என்று போன உடனேயே கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக்கூடாது. மெற்போமினாலேயே வயிற்றோட்டம் வருவதுண்டு என்பதால், அண்மையில் அதன் அளவைக் கூட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அதுவரை ஜீவனி (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் கலவை) கொடுங்கள். பொதியில் சொல்லியிருக்கும் அளவு கொதித்தாறிய நீரில் முழுப் பொதியையும் கரைக்க வேண்டும். அரைப் பொதியைக் கண்ணளவில் கரைத்தால் உப்பின் விகிதம் பிழைத்துவிடும். ஒவ்வொரு தடவை வெளிக்குப் போன பின்னும் ஒரு தேநீர்க் கோப்பையளவு, அதாவது சுமார் 200 மில்லிலீற்றர், மெதுவாகக் குடிக்கட்டும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். சீனி ஏறிவிடும் என்று நீரிழிவுக்காரர் பலர் ஜீவனியைத் தொடமாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் குடல் உப்பையும் நீரையும் சரிவர உறிஞ்சாது. இளநீர் இதற்கு ஈடாகாது. அதில் சோடியம் குறைவு, பொற்றாசியம் அதிகம். லொசாட்டன் எடுப்பவருக்குப் பொற்றாசியம் ஏறுவது நல்லதல்ல.

நல்ல கிருமிகள் செத்துவிட்டன என்று பாமசியில் சொன்னது பாதி சரி. நம் உடலில் சுமார் 38 இலட்சம் கோடி பக்ரீரியாக்கள் இருப்பதாக 2016இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. எல்லாவற்றையும் திரட்டினாலும் எடை ஏறக்குறைய 200 கிராம்தான். பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நாம் சமிக்காமல் விட்ட நாரையும் மாப்பொருளையும் நொதிக்க வைத்து, பியூற்றிரேற்று முதலிய கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் தமக்கு வேண்டிய சக்தியின் பெரும்பகுதியைப் பெறுவது அந்தப் பியூற்றிரேற்றிலிருந்துதான். உப்பையும் நீரையும் உறிஞ்சுவதற்கும் அது உதவுகிறது. காலிலுள்ள கிருமியைக் கொல்ல எடுத்த மருந்து குடலில் இருப்பவற்றையும் கொல்கிறது. நொதிக்காமல் மிஞ்சிய மாப்பொருள் குடலுக்குள் நீரை இழுத்து வைத்துக்கொள்ள, அதை உறிஞ்ச வேண்டிய கலங்களும் சக்தியின்றி நிற்கின்றன. கோ-அமொக்சிகிளாவிலுள்ள கிளவுலனிக் அமிலம் சிறுகுடலின் அசைவையும் விரைவாக்கும். பித்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றி டிஃபிசிலை வளரவிடாமல் வைத்திருப்பவையும் இதே குடல் பக்ரீரியாக்களே. அவை குறைந்த இடத்தில்தான் அது தலையெடுக்கிறது.

ஆனால் எல்லாம் செத்துவிடவில்லை. பரிசோதனையில் டிஃபிசில் இல்லையென்றால், எஞ்சியவை பெருகிப் பெரும்பாலும் சில வாரங்களில் பழைய நிலைக்குக் கிட்ட வந்துவிடும். சில இனங்கள் திரும்ப மாதங்கள் ஆகும்.

கப்சியூல் விடயத்தில் என் கருத்து இது. அன்ரிபயோட்டிக் தொடங்கும் நாளிலேயே கூடக் கொடுத்தால் வயிற்றோட்டம் வரும் வாய்ப்புக் குறையும் என்பதற்கு, சிறப்பாகச் சிறுபிள்ளைகளில், ஓரளவு நல்ல சான்று உண்டு. அதுவும் எல்லாக் கப்சியூலுக்கும் பொருந்தாது. லக்ரோபசிலஸ் ரம்னோசஸ் ஜீ.ஜீ., சக்கரோமைசிஸ் பூலார்டி ஆகிய இரண்டுமே நன்கு சோதிக்கப்பட்டவை. முதலாவது நாளொன்றுக்கு 500 கோடி உயிர்க்கலங்களாவது இருக்க வேண்டும். இரண்டாவது பக்ரீரியா அல்ல, மதுவம். அதனால் அன்ரிபயோட்டிக் அதைக் கொல்லாது. பெட்டியில் இனத்தின் பெயரும் எண்ணிக்கையும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். மருந்து முடிந்து 5 நாளான பின் தொடங்குவதில் பயன் குறைவு. இஸ்ரேலில் மிகச் சிலரை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அன்ரிபயோட்டிக்குக்குப் பின் பல இனங்கள் கலந்த கப்சியூல் எடுத்தவர்களின் சொந்தக் குடல் பக்ரீரியாக்கள், எதுவும் எடுக்காதவர்களினதை விடப் பிந்தியே திரும்பின. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், நோயெதிர்ப்பு மிகக் குறைந்தவர்கள், கழுத்து இரத்த நாளத்தில் குழாய் போட்டிருப்பவர்கள் இவற்றை எடுக்கவே கூடாது. அந்தக் காசுக்கு அம்மாவுக்குப் பயறும் கீரையும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

தயிர் நல்ல உணவு. ஆனால் அதிலுள்ள பக்ரீரியாக்கள் விருந்தாளிகள். இரண்டொரு நாள் தங்கி வேலை செய்துவிட்டுப் போய்விடும், குடியேறுவதில்லை. அவை செய்யும் வேலையில் ஒன்று இப்போது அம்மாவுக்கு உதவும். வயிற்றோட்டத்தில் சிறுகுடலின் மேற்பரப்புச் சேதமடைந்தால் பாற்சீனியான லக்ரோசைச் சமிக்க முடியாமல் போகும். பால்மாத் தேநீர் குடித்த அரை மணித்தியாலத்தில் வயிறு இரைந்து வெளிக்கு வந்தால் அதுதான் காரணம். தயிரில் லக்ரோஸ் குறைவு. இருப்பதைச் சமிக்கும் நொதியமும் அந்தப் பக்ரீரியாக்களிடமே இருக்கிறது. ஆகவே இரண்டு வாரத்துக்குப் பால்மாவை நிறுத்தி, மதியச் சோற்றோடு அரைக் கோப்பை தயிர் கொடுங்கள். பாணியும் சீனியும் வேண்டாம். எருமைப் பாலில் கொழுப்பு 7, 8 சதவீதம் இருப்பதால் மேலே படியும் ஆடையை எடுத்துவிடுங்கள். கொதிக்கும் கறியில் தயிரை விட்டால் பக்ரீரியா செத்துவிடும். இறக்கி ஆறிய பின் கலக்க வேண்டும்.

வீட்டில் தோய்ப்பதானால் ஒரு லீற்றர் பாலை நன்றாகக் கொதிக்க வைத்து, சுத்தமான விரலை வைத்தால் சுடாமல் இளஞ்சூடாக இருக்கும் நிலைக்கு, 40 முதல் 45 பாகைக்கு, ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி உறையைக் கலந்து மூடி வையுங்கள். நம் வெயிலில் 5 முதல் 8 மணித்தியாலத்தில் உறையும். தோயாமல் போவதற்கு முக்கிய காரணம், சூடு ஆறுமுன் உறையை விட்டு அதைக் கொன்றுவிடுவதுதான். சட்டித் தயிரில் குமிழி எழும்பினாலோ இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலோ மேலே வழித்துவிட்டு உண்ணாமல் முழுதாகக் கொட்டுங்கள்.

குடலில் குடியிருக்கும் பக்ரீரியாவுக்குத் தீனி நார்தான். வயிற்றோட்டம் ஓடும்போதே கடலையும் கௌபியும் கொடுத்தால் வாயுவும் வலியும் கூடும். முதலில் சோற்றுக் கஞ்சி, அவித்த பூசணி, வாழைப்பழம். மலம் கட்டிப்பட்ட பின் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலை, வல்லாரை, பயறு என்று இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும். அவித்த கடலை அரைக் கோப்பையில் சுமார் 6 கிராமும், 100 கிராம் கொய்யாவில் 5 கிராமும் உண்டு.

பழஞ்சோறு பற்றியும் கேட்பீர்கள். ஆறிய சோற்றில் சமிக்காத மாப்பொருள் கூடுகிறது, பக்ரீரியாவுக்கு அது நல்ல தீனிதான். ஆனால் சோற்றை இரவு முழுக்க அடுப்படியில் வைத்தால் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து நச்சைச் சுரக்கலாம். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. வடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த நாளே உண்ண வேண்டும். அம்மா குணமாகும்வரை அது வேண்டவே வேண்டாம்.

பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். டிஃபிசிலின் வித்திகளை அற்ககோல் திரவம் கொல்லாது.

அரிப்புக்கும் வெள்ளைபடுதலுக்கும் அதே அன்ரிபயோட்டிக் காரணமாக இருக்கலாம். அந்த இடத்தில் இருக்கும் லக்ரோபசிலஸ், இலக்ரிக் அமிலத்தைச் சுரந்து மற்றக் கிருமிகளை அடக்கி வைத்திருக்கும். மாதவிடாய் நின்றவர்களில் அது ஏற்கெனவே குறைவு. இரத்தத்தில் சீனியும் கூடியிருந்தால் கன்டிடா என்ற பங்கசுக்கு வசதியாகிவிடும். தயிரை அங்கே பூச வேண்டாம், கிருமிநாசினித் திரவத்தால் உள்ளே கழுவவும் வேண்டாம். வெறும் நீரால் வெளிப்புறத்தைக் கழுவினால் போதும். வைத்தியசாலையில் இதையும் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். பங்கசுதான் என்று உறுதியானால் குளொட்ரிமசோல் உட்குளிசை கொடுப்பார்கள், பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். துர்நாற்றமோ இரத்தக் கசிவோ இருந்தால் அது வேறு நோய், அதற்குத் தனிப் பரிசோதனை தேவை.