பிணையாகக் கொடுத்த காசோலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

2021-இல் தெரிந்த ஒருவரிடம் 3 லட்ச ரூபாய் கடன் வாங்கினேன். கையெழுத்து மட்டும் போட்டு இரண்டு காசோலைகளைச் செக்யூரிட்டியாகக் கொடுத்தேன். இதுவரை 2,40,000 ரூபாய் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பெரும்பகுதி வங்கி வழியாக. இப்போது அவர் ஒரு காசோலையில் 5 லட்சம் என்று நிரப்பி வங்கியில் போட்டு, அது பணமில்லாமல் திரும்பியிருக்கிறது. நோட்டீஸ் வந்து ஆறு நாளாகிறது. "செக்யூரிட்டி செக் என்று சொன்னாலே வழக்கு நிற்காது, பதில் எல்லாம் தேவையில்லை" என்கிறார்கள் நண்பர்கள். கையெழுத்து நீல மை. மற்றதெல்லாம் கறுப்பு மை, வேறொருவர் எழுத்து. இது போதாதா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

நோட்டீஸுக்குப் பதில் போடுங்கள், இந்த வாரமே. நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். அது கடந்ததும் ஒரு மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். பதில் தராததாலேயே நீங்கள் தோற்றுவிட மாட்டீர்கள். ஆனால் கூண்டில் ஏறி முதன்முறையாக இந்தக் கதையைச் சொன்னால், அன்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி கடைசிவரை உங்களைத் துரத்தும்.

மையின் நிறம் போதாது. காசோலை பணமில்லாமல் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் பிணைக் காசோலைக்கு விலக்கு எதுவும் இல்லை. கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகவே கொடுத்தீர்கள் என்று 139-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானித்தாக வேண்டும். வெற்றுக் காசோலையை விரும்பிக் கொடுத்துவிட்டு, நிரப்பியது நானல்ல என்பதால் மட்டும் அந்த அனுமானம் உடையாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்து நிபுணருக்குச் செலவழிக்கும் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

ஆனால் அந்த அனுமானம் அசைக்க முடியாததல்ல. உங்கள் தரப்பே நடந்திருக்கக் கூடியது என்று நடுவருக்கு (மாஜிஸ்திரேட்டுக்கு) தோன்றினால் போதும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை உங்களுக்கு இல்லை.

பிணை என்ற சொல்லை விட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: காசோலை வங்கிக்குப் போன அன்று நான் அவருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது? 2014-இல் இண்டஸ் ஏர்வேஸ் வழக்கில், பொருள் வாங்குவதற்கு முன்பணமாகப் பின்தேதியிட்ட காசோலைகள் தரப்பட்டன, ஆர்டரே ரத்தாயிற்று, கடன் பிறக்கவே இல்லை, குற்றமும் இல்லை. 2016-இல் வந்த இன்னொரு வழக்கில் ஒப்பந்தத்திலேயே 'பிணை' என்று எழுதியிருந்தது. ஆனால் கடன் கைக்கு வந்து, தவணை நாளும் வந்திருந்தது. அங்கே பிணை என்ற வாதம் எடுபடவில்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பிணைக்காகத் தந்ததாலேயே காசோலை மதிப்பற்ற தாளாகிவிடாது, சொன்ன நாளில் கடன் அடைபடாவிட்டால் அதை வங்கியில் போடலாம்.

உங்களுக்குக் கைகொடுப்பது 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. காசோலை கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதி திரும்பி வந்திருந்தால், அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி அதைக் காசோலையிலேயே குறித்துவிட்டு மீதிக்கு மட்டுமே வங்கியில் போட வேண்டும். குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டால், அந்தத் தொகை அன்றைய கடனே அல்ல. 138-ஆம் பிரிவின் குற்றமும் ஆகாது. உங்கள் காசோலையிலோ, வாங்கிய தொகையைவிடவே 2 லட்சம் கூடுதலாக இருக்கிறது.

எதிர்த் தரப்பு சும்மா இருக்காது. வந்ததெல்லாம் வட்டி, அல்லது பிறகு ரொக்கமாகக் கொடுத்த வேறொரு கடனுக்கு வந்தது என்பார்கள். வட்டி பேசினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பேசியிருந்தால் அதையும் சேர்த்து நேர்மையாகக் கணக்கு எழுதிக்கொள்ளுங்கள். வேறு கடன் என்றால், என்றைக்கு, எங்கே, எந்தப் பணத்திலிருந்து கொடுத்தார் என்று குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும். 6 லட்சம் கொடுத்ததாகச் சொன்ன ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் ஒருவர், அவ்வளவு பணம் தன்னிடம் இருந்ததைக் காட்ட முடியாததால், 2019-இல் உச்ச நீதிமன்றம் காசோலை கொடுத்தவரை விடுவித்தது.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பாஸ்புக்கை எடுத்துக் காசோலை எண்களைப் பாருங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில் காசோலையின் தேதி 2019. அதற்கு முந்தைய எண்ணும் அடுத்த எண்ணும் 2015-லேயே வங்கியில் பணமாகியிருந்தன. அந்தப் பக்கத்தைக் காசோலையோடு சேர்த்து நடுவரிடம் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்று எண்களையும் விரல் வைத்துப் படித்தார். நான் பேசிச் சாதிக்க முடியாததை அந்த மூன்று எண்கள் சாதித்தன. உங்களுடையதும் 2021-இன் வரிசையில் இருந்தால், வங்கி அறிக்கையைச் சான்றுடன் வாங்கி வையுங்கள். வங்கி வழியாகப் போன ஒவ்வொரு தொகைக்கும் அப்படியே.

கேட்டுச் சலித்துப்போன ஒரு பொய்யை மட்டும் தொடாதீர்கள். 'காசோலை தொலைந்துவிட்டது', 'கடனே வாங்கவில்லை' என்று பதிலில் எழுதிவிட்டுப் பிறகு பிணை என்று பேசியவர்களின் உண்மையான கணக்கைக்கூட யாரும் நம்பவில்லை என்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்னும் வருத்தம் தரும் வழக்குகள் அவை. வாங்கியது 3 லட்சம் என்று எழுதுங்கள். கொடுத்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள். மீதியை ஒப்புக்கொண்டு, அதைத் தரத் தயார் என்றும் எழுதுங்கள். நீங்கள் குற்றத்தை மறுத்தாலும், வழக்கு முடியும் முன்பே காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்ல நடுவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் விஷயத்தில் அது 1 லட்சம் வரை. அந்த உத்தரவு வரும் நேரத்தில் உங்கள் பதில் நோட்டீஸ் கோப்பில் இருக்க வேண்டும்.

இரண்டாவது காசோலை இன்னும் அவரிடம்தான் இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதன் எண்ணைப் பதிலில் குறிப்பிட்டு, 2021-இல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தது என்று சொல்லி, திருப்பித் தரும்படி கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன்.