சத்தம் கேட்டுக் கார் வாங்கலாமா?

அன்புள்ள அண்ணா,

கார்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். வேலை கொள்ளுப்பிட்டியில். சில வருடங்களாகச் சேர்த்த காசில் பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாம் என்று இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன்: டொயோட்டா 86, மஸ்டா ஆர்எக்ஸ்-8. இரண்டும் ஆறு கியர் மனுவல். ஊருக்குள் கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்த்ததில் கைக்கு இதமாக இருந்தது 86 தான். ஆனால் ஆர்எக்ஸ்-8 இன் சத்தம் இன்னும் காதிலேயே நிற்கிறது. 86 சாதாரணக் கார் மாதிரித்தான் கேட்டது. சத்தத்தைக் கேட்டுக் கார் வாங்குவது சின்னப்பிள்ளை வேலை என்கிறார் அத்தான். அவ்வளவு ஆசை என்றால் 86 ஐ வாங்கி, வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் ஒரு பெரிய சைலன்சர் போட்டால் சரி என்கிறார். ஸ்போர்ட்ஸ் கார் தெரிவு செய்யும்போது சத்தத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? இதுதான் எனக்கு இருக்கப்போகும் ஒரே கார்.

க., வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

நிறைய இடம் கொடுக்கலாம். அத்தான் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். இரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவதில்தான் காசும் போகும், காரும் கெடும் என்பதால் அதைப் பற்றிக் கூடுதலாக எழுதுகிறேன்.

முதலில் சின்னப்பிள்ளை வேலை என்ற பேச்சு. நீங்கள் ஓட்டப்போவது காலி வீதியிலும் டுப்ளிகேஷன் ரோட்டிலும். நகருக்குள் வேக எல்லை 50, ஹைவேயில் 100. 86 இல் இருக்கிற 200 குதிரைவலுவும் ஒருசேர வேலை செய்யக் கிடைப்பது, ஹைவேக்குள் நுழைகிற அந்தச் சில செக்கன்கள்தான். மற்ற நேரமெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் 30 இல் போகிறீர்கள். அந்த 30 இலும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உங்களுக்குத் தருவது மூன்றே மூன்று: ஸ்டியரிங் கையில் பேசுகிற விதம், கியர் விழுகிற விதம், எஞ்சினின் குரல். கொழும்பில் தினமும் அனுபவிக்கக்கூடியதைக் கணக்கில் எடுக்காமல், வருடத்தில் சில தடவை மட்டும் தொடக்கூடிய வேகத்தைப் பார்த்துக் கார் தெரிவு செய்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கார் செய்கிறவர்களும் இதை விளையாட்டாக எடுப்பதில்லை. 2010 முதல் 2012 வரை 500 மட்டும் செய்யப்பட்ட லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரின் 4.8 லீற்றர் வி10 எஞ்சினை டொயோட்டா யமஹாவோடு சேர்ந்து உருவாக்கியது. இசைக்கருவிகளும் செய்கிற அந்தக் கம்பனியின் ஆட்கள் அந்த எஞ்சினின் ஒலியைச் செப்பனிடுவதிலும் கைகொடுத்தார்கள். இன்னொரு பக்கம் போர்ஷ். 2016 இல் பொக்ஸ்டருக்கும் கேமனுக்கும் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் டர்போ போட்டது. புதிய கார் பழையதைவிட வேகம். இருந்தும் ஓட்டியவர்கள் முதலில் முறைப்பட்டது சத்தத்தைப் பற்றித்தான். 2020 இல் ஜிடிஎஸ் மாதிரிக்கு 4.0 லீற்றர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்தது.

சரி, சைலன்சருக்கு வருவோம். சைலன்சர் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். குரல் எஞ்சினில் இருந்துதான் பிறக்கிறது. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைக் கூட்டினால் நாதஸ்வரக்காரர் நன்றாக வாசித்துவிடமாட்டார் அல்லவா?

பழைய சுபாரு இம்ப்ரெஸாவின் குமுறலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். படுக்கைவாட்டில் நான்கு சிலிண்டர், பக்கத்துக்கு இரண்டு. அவை 1-3-2-4 என்ற ஒழுங்கில் வெடிக்கின்றன. அதாவது ஒரு பக்கத்து இரண்டும் அடுத்தடுத்து, பிறகு மறுபக்கத்து இரண்டும். அந்தக் காரில் எஞ்சினில் இருந்து புகையை வெளியே எடுக்கிற, இரு பக்கத்து ஹெடர் குழாய்களும் ஒரே நீளம் இல்லை. ஒரு பக்கத்துப் புகை கூடுதல் தூரம் சுற்றி வருவதால் பிந்தி வந்து சேருகிறது. ஒழுங்கான இடைவெளியில் வெடித்தவை ஒழுங்கில்லாத இடைவெளியில் வெளியே வருகின்றன. அந்தத் தடதடப்பு அப்படி உண்டாவது. 86 இல் இருப்பதும் சுபாருவின் அதே வகை எஞ்சின்தான், 2.0 லீற்றர். ஆனால் ஹெடர் குழாய்களின் நீளம் கிட்டத்தட்டச் சமம். துடிப்புகள் சீராக வந்துவிடுகின்றன, அதனால் சாதாரண நான்கு சிலிண்டர் போலக் கேட்கிறது. பின்னால் எவ்வளவு பெரிய சைலன்சர் பூட்டினாலும் அந்தச் சீர் மாறாது, அதே ஒலி பெரிதாகக் கேட்கும். குணத்தை மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினுக்குப் பக்கத்தில், ஹெடரில் கை வைக்க வேண்டும். 86 க்குச் சமமில்லாத நீள ஹெடர்கள் தனியாக விற்கிறார்கள். அது வேறு செலவு, வேறு வேலை.

உங்கள் காதில் நிற்கிற ஆர்எக்ஸ்-8 இன் கதை இன்னும் சுவையானது. அதன் எஞ்சினில் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் முக்கோண ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 654 சிசி. இந்த வகையை ரோட்டரி என்பார்கள். ஷாஃப்ட் ஒரு தடவை சுற்றும்போது இரண்டு வெடிப்பு. கணக்குப்படி நான்கு சிலிண்டர் காருக்கும் அதே எண்ணிக்கைதான்: 3,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3,000 சுற்று) இரண்டிலும் செக்கனுக்கு 100 துடிப்பு. இருந்தும் ஒன்றை மற்றதென்று யாராவது மயங்குவார்களா? ரோட்டரியில் வால்வு இல்லை. புகை போகும் துவாரத்தை ரோட்டரே கடந்துபோய்த் திறந்து மூடுகிறது. போய்த் திரும்புகிற பிஸ்டனும் இல்லாததால் ஆறு கியர் ஆர்எக்ஸ்-8 9,000 வரை ஒரே மூச்சில் ஏறும். அங்கே செக்கனுக்கு 300 துடிப்பு. எந்தக் கடையிலும் விற்காத ஒலி அது. உங்களுக்குப் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை, எனக்கும் பிடிக்கும்.

இனி, பெரிய சைலன்சரோடு நீங்கள் வாழப்போகிற வாழ்க்கையைச் சொல்கிறேன். ஞாயிறு காலை காலிக்குப் போகிறீர்கள். மனுவல் 86 ஆறாவது கியரில் 100 இல் போகும்போது எஞ்சின் 2,700 ஐ ஒட்டிச் சுற்றும். அது செக்கனுக்கு 90 துடிப்பு. 90 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் நான்கு மீற்றருக்குச் சற்றுக் குறைவு, பாதி இரண்டு மீற்றருக்குக் கிட்ட. உங்கள் காரின் உள்ளறையின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த ஒலி உள்ளே மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் மோதி வளரும். காதில் கேட்பதைவிட நெஞ்சிலும் மண்டையிலும் உறைக்கிற ஒரு ரீங்காரம். கொட்டாவையில் ஹைவேக்கு ஏறியது முதல் பின்னதுவையில் இறங்கும்வரை அது விடாது. பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடியாது, பாட்டுக் கேட்க முடியாது, பின் சீற்றில் பிள்ளை தூங்காது. கம்பனி சைலன்சரில் அறை அறையாகத் தடுத்து, பக்கக்குழாய் வைத்து, சரியாக அந்தத் துடிப்பைத்தான் அடக்கியிருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு, உள்ளே பஞ்சு சுற்றிய நேர்க்குழாயைப் போடுகிறவர்கள் எதைக் கழற்றினோம் என்று தெரியாமலே கழற்றுகிறார்கள்.

அப்புறம் உங்கள் ஒழுங்கை. காலி வீதியில் இருந்து கடற்கரைக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இரு பக்கமும் ஆறு, ஏழு மாடி. சத்தம் போக இடமில்லாமல் சுவருக்குச் சுவர் ஏறி மேல்மாடி ஜன்னல்வரை போகும். காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பினால், புகையின் நச்சைக் குறைக்கிற கட்டலிற்றிக் கொன்வேட்டரைச் சூடாக்குவதற்காக அது முதல் ஒரு நிமிடம்போல வேகமாகச் சுற்றும், காரின் சத்தம் அப்போதுதான் மிகக் கூர்மையாக இருக்கும். கீழ்மாடிக் கைக்குழந்தையும் இரவு டியூட்டி முடித்து வந்து படுத்த நேர்ஸும் உங்கள் காரைத் தெரிவு செய்யவில்லை. இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். காரின் குரல் ஓட்டுகிறவருக்கு உரியது. தெருவுக்குப் போகிற பங்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தோடு வாகனங்களில் பிறகு பூட்டிய மேலதிகப் பொருட்களைப் பொலிஸார் கழற்றச் சொன்னது நினைவிருக்கும், அதில் பெருஞ்சத்த சைலன்சர்களும் அடக்கம். சிலர் சத்தத்துக்காகக் கொன்வேட்டரையே வெட்டி எடுக்கிறார்கள். நச்சுப்புகை நேரே ஊருக்குள் போகும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் தலையிடி. யார் சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள்.

ஓட்டுகிறவருக்கு மட்டும் குரலைக் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டால், 86 இலேயே இருக்கிறது. பொனற்றைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே போகும் குழாயில் இருந்து ஒரு கிளைக்குழாய் டாஷ்போர்டுப் பக்கமாகப் போவது தெரியும். 'சவுண்ட் கிரியேட்டர்' என்று சொல்வார்கள். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற துடிப்பை நேரே உள்ளறைக்குக் கொண்டுவருகிற குழாய் அது. 2011 இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 போல ஸ்பீக்கர் வழியாகச் சத்தத்தைச் சேர்ப்பதைவிட இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். கேட்பது உண்மையான எஞ்சின், கேட்பவர் நீங்கள் மட்டும்.

அந்தக் குரல் உங்களுக்குக் கேட்காமல் போனதற்குக் காரணம், ஊருக்குள் 2,500 ஆர்பிஎம்மில் ஓட்டிப் பார்த்ததாக இருக்க வேண்டும். 86 வாய் திறப்பது 5,000 க்கு மேல். இன்னொரு தடவை கேட்டு வாங்கி, கொட்டாவை நுழைவாயில் வரை கொண்டுபோங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, முன்னால் ஆள் இல்லாத நேரத்தில், இரண்டாம் கியரிலேயே 7,000 வரை இழுத்துப் பாருங்கள். அப்போதும் வேகம் 90 ஐ ஒட்டித்தான் இருக்கும், எல்லையைத் தாண்டாது. ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதே பாதையில் ஆறாவது கியரில் 100 இல் பத்து நிமிடம் போய், ரீங்காரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் 86 ஐத் தள்ளிவைக்க வேண்டாம்.

ஆர்எக்ஸ்-8 ஐ நான் உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் நீங்கள் எழுதிய கடைசி வசனம். ஒரே கார், வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டிக்குத் தினமும் குறுகிய ஓட்டம். ரோட்டரிக்கு மிகவும் ஆகாத பாவனை அதுதான். குளிர்ந்தபடியே எழுப்பி, சூடேறுமுன் நிறுத்தினால் பெற்றோல் உள்ளே தேங்கி அடுத்த தடவை ஸ்டார்ட் எடுக்காமல் அடம்பிடிக்கும். ரோட்டர் முனைச் சீல்களுக்காக அது ஒயிலையும் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும், அது பழுதில்லை, அதன் அமைப்பே அப்படி. அடிக்கடி ஒயில் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

அப்படியும் மனம் அங்கேதான் நிற்கிறது என்றால், இந்தக் காரில் காதுதான் முதல் கருவி. நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே பிடித்தால் நல்லது. ஸ்டார்ட்டர் நீண்ட நேரம் சுற்றினாலோ, சுற்றும்போது ஒரு துடிப்புப் பலமாகவும் அடுத்தது சோர்வாகவும் கேட்டாலோ சீல் தேய்ந்து கொம்பிரஷன், அதாவது எஞ்சினுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், இறங்கியிருக்கிறது. ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாக அளக்கிற மீற்றர் உள்ள கராஜில் சோதித்து, இலக்கங்களை எழுத்தில் வாங்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

எந்தக் காரைப் பார்க்கப் போனாலும், நீங்கள் வருமுன் எஞ்சினை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஹெடர் இணைப்பில் புகை கசிகிறதென்றால் குளிரில் டிக் டிக் என்று கேட்கும், உலோகம் சூடாகி விரிந்ததும் மறைந்துவிடும். 86 இல் பெற்றோல் பம்ப் கீச்சிடுவது வேறு, அது வழமையானது, பயப்பட வேண்டாம். ஏற்கனவே வெளிச் சைலன்சர் பூட்டிய கார் என்றால் இந்தச் சின்னச் சத்தமெல்லாம் அதற்குள் அமுங்கிப்போகும். ஆகவே கழற்றிய கம்பனி சைலன்சர் கையில் இருக்கிறதா என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள். இருந்தால் அதைத் திரும்பப் பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் புதிதாக எடுக்க ஆகும் செலவை விலையில் கழியுங்கள். அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த காரைப் பாருங்கள்.